இரண்டாவது காலுறைக்கு நூல் எங்கே?

(உதகையில் கைப்பின்னல் ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மஃப்ளரும் சால்வையுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஊசியையும் நூலுருண்டையையும் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே!

முதலில் ஒரு வேண்டுகோள். நான் பேசுகிறேன் என்பதற்காக யாரும் பின்னுவதை நிறுத்த வேண்டாம். கை பின்னட்டும், காது இங்கே இருக்கட்டும். பின்னுகிறவர்கள் நடுவில் தலையாட்டினால் அது எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் ஆட்டினால் அது குளிர்.

இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் சின்ன விஷயம். கையில் இருக்கும் உல்லன் நூல் கொஞ்சம். பின்ன வேண்டியது ஒரு ஜோடி காலுறை. இதில் பேச என்ன இருக்கிறது, கடைக்குப் போய் இன்னொரு உருண்டை வாங்கினால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். வாங்கிப் பாருங்கள். பழைய உருண்டையின் லேபிளில் ஒரு லாட் நம்பர் இருக்கும், புதியதில் வேறொன்று இருக்கும். கடை விளக்கில் இரண்டும் ஒரே பச்சையாகத் தெரியும். வீட்டு வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தால் ஷேடு அடிக்கும். திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள், லாட் மாறினால் என்ன ஆகும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

ஸ்வெட்டருக்கு நூல் குறைந்தால் கையைக் குட்டையாக்கலாம். கையே இல்லாமலும் விடலாம். அதற்கு ஸ்லீவ்லெஸ் என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. மஃப்ளருக்குக் குறைந்தால் ஒரு சுற்றோடு நிறுத்தலாம். தொப்பிக்குக் குறைந்தால் குழந்தைத் தொப்பி. காலுறைக்குக் குறைந்தால்? ஒன்றே முக்கால் காலுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

யோசித்துப் பாருங்கள், முதல் காலுறைக்கு என்றைக்காவது நூல் பற்றாமல் போயிருக்கிறதா? அநேகமாக இல்லை. பற்றாமல் போவது இரண்டாவதுக்குத்தான். கல்யாணப் பந்தியில் பாயசம் போலத்தான் இதுவும். முதல் பந்தியில் கரண்டி கரண்டியாக விழும். கடைசிப் பந்தியில் அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கும். முதல் பந்திக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் இலைக்கு வந்ததைச் சாப்பிட்டார், அவ்வளவே. பரிமாறியவர்தான் அண்டாவை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குறைந்த நூலில் காலுறை பின்னுவதற்கென்று உலகத்தில் எத்தனையோ உத்திகள் இருக்கின்றன. எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்கின்றன: இரண்டாவதுக்கு நூல் எங்கே?

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு காலுறை இருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமை. எகிப்தில் ஆன்டினோபோலிஸ் என்ற ஊரின் குப்பைமேட்டிலிருந்து 1913-14 அகழாய்வில் கிடைத்தது. குழந்தையின் காலுறை. செருப்பின் வார் போவதற்காகப் பெருவிரலுக்குத் தனி அறை வைத்திருக்கிறார்கள். கோடு கோடாக நிறங்கள். அத்தனை நிறங்களையும் மஞ்சிட்டி, நீலம் தரும் ஒரு செடி, மஞ்சள் தரும் ஒரு செடி என மூன்றே சாயங்களிலிருந்து கலந்தும் தோய்த்தும் எடுத்திருக்கிறார்கள் என்று 2018இல் ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். அதைச் செய்த விதம் நம்முடைய இரண்டு ஊசிப் பின்னல் கிடையாது. காதுள்ள ஒற்றை ஊசியில், ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் முழு நூலையும் இழுத்து வாங்க வேண்டும். நீள நூலை அப்படி இழுக்க முடியாது. துண்டு துண்டாக எடுத்து இணைத்து இணைத்துத்தான் போக வேண்டும். மிச்சம் மீதிக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா?

அந்தக் காலுறை இடது காலுக்கு உரியது. வலது கால் கிடைக்கவில்லை. மண்ணுக்குள் எங்கோ போயிற்று. ஆனால் பின்னியவர் இரண்டாவதைப் பின்னாமல் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நம்ப விரும்புகிறேன்.

சரி, நம் வேலைக்கு வருவோம். காலுறையை எங்கே தொடங்குவது?

வழக்கம் மேலிருந்து கீழே. முதலில் இழுபடும் பார்டர், பிறகு கணுக்கால் வரை ஒரு குழாய், பிறகு குதிகால், குதிகாலுக்கு இரு பக்கமும் முக்கோணமாகக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டு வந்தால் பாதம், கடைசியில் விரல் நுனி. நம் பாட்டிமார்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தது இந்த முறை. அதன் குதிகால் எனக்குக் கொள்ளைப் பிரியம். நூல் தாராளமாக இருந்தால் நானும் அதைத்தான் பின்னுவேன். ஆனால் நூல் பாதியில் தீர்ந்தால் இந்த முறையில் எது குறைகிறது? விரல் நுனி. பார்டர் அழகாக இருக்கிறது, கணுக்கால் அழகாக இருக்கிறது, ஐந்து விரலும் வெளியே நிற்கின்றன. இந்த உதகைக் குளிரில்!

இப்போது அதையே தலைகீழாக்குங்கள். விரல் நுனியில் தொடங்கிப் பாதம், குதிகால், கணுக்கால் என்று மேலே ஏறுங்கள். நூல் தீர்ந்தால் எது குறைகிறது? கணுக்காலுக்கு மேலே இரண்டு அங்குலம். யாருக்கு என்ன நஷ்டம்? நீளக் காலுறை குட்டைக் காலுறை ஆகிவிட்டது. குட்டைக் காலுறைதான் இப்போது ஃபேஷன் என்று பேத்தி சொல்கிறாள். அத்தியாவசியம் முதலில் முடிந்துவிடுகிறது, அலங்காரம் கடைசியில் மிஞ்சின நூலுக்கு ஏற்ப நிற்கிறது.

நுனியில் கண்ணி ஏற்றுவது கஷ்டம், மூட்டு உறுத்தும் என்று முன்பு சொல்வார்கள். 2006இல் ஜூடி பெக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு முறையை வெளியிட்டார். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து, நூலின் இரு முனைகளையும் மேல் ஊசிக்கு ஒன்று, கீழ் ஊசிக்கு ஒன்று என்று மாறி மாறிச் சுற்றிக்கொண்டே போவது. மூட்டும் இல்லை, தையலும் இல்லை. அந்தச் சாக்குப்போக்கும் போயிற்று.

அடுத்தது தராசு. ஆம், தராசு. பின்னல் கூடைக்குள் இருக்க வேண்டிய முதல் கருவி அதுதான் என்பேன். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். காலுறைக்கான மெல்லிய நூலின் லேபிளில் பொதுவாக 100 கிராமுக்கு 400 மீட்டர் என்று போட்டிருக்கும். அப்படியானால் ஒரு கிராம் நான்கு மீட்டர். தராசு கிராமைக் காட்டவில்லை, மீட்டரைக் காட்டுகிறது!

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் கையில் இருப்பது 70 கிராம். முழு ஜோடிக்கு நூறு கிராம் வாங்குவதுதான் வழக்கம். ஆகவே இது குறைவு. முதலில் என்ன செய்வீர்கள்? கண்ணி ஏற்றுவீர்களா? கூடாது. முதலில் உருண்டையைப் பிரித்து இரண்டு உருண்டையாகச் சுற்றுங்கள். 35, 35. ஊசியைத் தொடும் முன்பே இரண்டாவது காலுறையின் பங்கு தனியாகப் போய் அலமாரியில் உட்கார்ந்துவிட வேண்டும். இப்போது 64 கண்ணிகளில் நுனியிலிருந்து பின்னுகிறீர்கள். குதிகால் முடிந்ததும் தராசில் வையுங்கள். 7 கிராம் மீதி என்று காட்டுகிறது. அப்படியானால் 28 போயிருக்கிறது. பார்டரின் கடைசிச் சுற்றுகளுக்கும் கண்ணிகளை அடைப்பதற்கும் 2 கிராமை ஒதுக்குங்கள். பாக்கி 5. பத்துச் சுற்றுப் பின்னி மறுபடி நிறுத்துப் பாருங்கள்; 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கும். ஆக 5 கிராமில் 30 சுற்று. அங்குலத்துக்கு 11 சுற்று வீதம் ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலம். கணுக்காலை மூடியாயிற்று. ஊகம் இல்லை, வேண்டுதல் இல்லை, "அட, எட்டும்போல இருக்கே" என்று வேகமாகப் பின்னுவது இல்லை. அந்த வேகம் ஒரு வேடிக்கை. நூல் தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கையை விரட்டுகிறோமே, விரட்டினால் நூல் நீளுமா?

இங்கே நம்மூருக்கென்று ஓர் எச்சரிக்கை. கம்பளி ஈரத்தைக் குடிக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மூடுபனி ஜன்னலுக்குள் நுழையும் ஜூலை மாதத்தில் நிறுத்த எடையும் மார்ச் வெயிலில் நிறுத்த எடையும் ஒன்றாக இராது. ஆகவே இரண்டு பாதிகளையும் ஒரே நாளில், ஒரே உட்காரலில் நிறுத்துப் பிரியுங்கள். கம்பளியின் குணம் சாண்டிநல்லாவில் மேயும் நம் நீலகிரி ஆட்டுக்குத் தெரியும், நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடு விழும் பலநிற நூலாக இருந்தால் இரண்டு உருண்டையும் ஒரே நிறத்தில் தொடங்கட்டும். மேற்கொண்டு இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நண்பர்களே, நூல் குறைவு என்பது நம் வீட்டு அலமாரியின் பிரச்சினை மட்டும்தானா? ஒரு காலத்தில் அது தேசங்களின் பிரச்சினையாக இருந்தது.

1914. முதல் உலகப் போர். பிளாண்டர்ஸ் மண்ணில் பதுங்குகுழிகள். குழிக்குள் முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீர். நின்றுகொண்டே இருக்க வேண்டும். கால் மரத்துப் போகும், வீங்கும், நிறம் மாறும், அழுகும். டிரெஞ்ச் ஃபுட் என்று அதற்குப் பெயர் வந்தது. முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். அதே சேற்றில் அந்தக் குளிர்காலத்தில் நம் இந்தியச் சிப்பாய்களும் நின்றார்கள், லாகூர், மீரட் டிவிஷன்களில். குண்டு படாத கால், ஆனால் வெட்ட வேண்டிய கால். இதற்கு மருந்து என்ன? காலைத் துடை, எண்ணெய் தேய், உலர்ந்த காலுறை மாட்டு. மருந்துப் பட்டியலில் காலுறை! ஈரக் காலுறையைக் கழற்றினால் மாட்ட இன்னொன்று வேண்டும். ஒரு ஜோடி போதாது, ஜோடி ஜோடியாக வேண்டும்.

போர் மந்திரி கிச்சனர் கேட்டுக்கொள்ள, அரசி மேரி நாட்டுப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். எத்தனை ஜோடி? மூன்று லட்சம் ஜோடி. எப்போதைக்குள்? நவம்பர் தொடக்கத்துக்குள். கோமாட்டிகளும் பின்னினார்கள், சமையல்காரிகளும் பின்னினார்கள், பள்ளிப் பிள்ளைகளும் பின்னினார்கள். விரல் நுனியில் முண்டாக மூட்டு இருந்தால் ஈரத்தில் நடக்கும் காலில் அது கொப்புளமாகும், கொப்புளம் புண்ணாகும். ஆகவே நுனியின் மேல்பாதிக் கண்ணிகளையும் கீழ்ப்பாதிக் கண்ணிகளையும் தையலூசியால், இன்னொரு வரிசை பின்னியது போலவே, தடம் தெரியாமல் இணைக்க வேண்டும். ஒரு முழம் நூல் போதும். அந்த இணைப்பு அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனாலும் இன்றைக்கும் ஆங்கிலப் பின்னல் புத்தகங்களில் கிச்சனர் தையல் என்றே அச்சாகிறது. 1916 ஜூனில் ஹாம்ப்ஷயர் என்ற கப்பலோடு கடலில் மூழ்கிப்போன மனிதர், காலுறையின் நுனியில் இருந்துகொண்டிருக்கிறார். படைத் தளபதிகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கிறது?

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941 ஜூன் 1 முதல் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். ஆளுக்கு முதல் ஆண்டில் 66 கூப்பன். பின்னல் நூலும் ரேஷனுக்குள் வந்தது. 2 அவுன்ஸ் நூலுக்கு ஒரு கூப்பன். 2 அவுன்ஸ் என்றால் 57 கிராம். நாம் சற்றுமுன் 70 கிராமுக்கு இத்தனை கணக்குப் போட்டோம்! அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? பழைய ஸ்வெட்டரைப் பிரித்தார்கள். 1943இல் அரசாங்கமே, இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைச் சரிசெய் என்று கையேடு போட்டு வினியோகித்தது.

பிரிப்பது எப்படி என்று தெரியாத இளைஞர்கள் இங்கே இருப்பார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் பக்கத் தையலை அவிழ்க்க வேண்டும். பின்னல் முடிந்த முனையைக் கண்டுபிடித்து அங்கிருந்து இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வரும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கும். வரும் நூல் சுருள் முடிபோல நெளிநெளியாக இருக்கும். அப்படியே பின்னக் கூடாது. கண்ணி ஒன்று பெரிதாகும், ஒன்று சிறிதாகும். நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கீழே லேசான கனம் ஏதாவது கட்டித் தொங்கவிட வேண்டும். உலர்ந்து இறக்கும்போது நெளிவு போயிருக்கும். முழங்கை தேய்ந்த இடத்து நூல் மட்டும் மெலிந்திருக்கும். அதை வெட்டி எறியுங்கள். கஞ்சத்தனம் அந்த இடத்தில் உதவாது. போயும் போயும் அதைக் குதிகாலில் வைத்தால் மாதத்துக்குள் ஓட்டை.

குதிகால் என்றதும் எலிசபெத் ஜிம்மர்மன் நினைவுக்கு வருகிறார். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். 1971இல் வந்த அவருடைய 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' என்ற பின்னல் புத்தகம் இன்றைக்கும் பின்னுகிறவர்கள் வீட்டில் இருக்கும். பின்யோசனைக் குதிகால் என்று அவர் பிரபலப்படுத்திய ஒரு முறை உண்டு. காலுறையைக் குதிகாலே இல்லாமல் நேர்க்குழாயாகப் பின்னிக்கொண்டே போங்கள். முடித்துவிட்டுக் காலில் மாட்டிப் பாருங்கள். குதிகால் வரவேண்டிய இடத்தில் நடுவே ஒரே ஒரு கண்ணியை, கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

பார்த்தீர்களா, நாலைந்து பேர் ஊசியை நிறுத்திவிட்டீர்கள்! பயப்படாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து அந்த வரிசையை இரு பக்கமும் சேர்த்துப் பாதிச் சுற்று அளவுக்கு மெல்ல உருவினால் மேலே ஒரு வரிசைக் கண்ணியும் கீழே ஒரு வரிசைக் கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஓடிப் போகாது, கம்பளி கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஊசியில் ஏற்றி, விரல் நுனி பின்னுவது போலவே ஒரு குதிகால் பின்னி மூடிவிடலாம். இதில் நூல் குறைந்தவருக்கு என்ன லாபம்? குதிகாலுக்கு வேறு நூல் போடலாம். பச்சைக் காலுறைக்குச் சிவப்புக் குதிகால். நுனிக்கும் சிவப்பு, பார்டருக்கும் சிவப்பு. பார்ப்பவர்கள் டிசைன் என்பார்கள். நாம் ஏன் மறுக்க வேண்டும்? இன்னொரு லாபம், தேய்ந்தால் குதிகாலை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகப் பின்னலாம்.

ஷூவுக்குள் மறையும் பாதத்தில் துண்டு நூல்களைப் போட்டு, வெளியே தெரியும் கணுக்காலுக்கு நல்ல நூலை வைப்பதும் பழைய சாமர்த்தியம்தான். அதில் எனக்கு ஒரு நிபந்தனை: ஒரு காலுறையின் பாதத்தில் என்ன துண்டு போகிறதோ அதன் பாதி மற்றதற்கும் போக வேண்டும். ஷூவுக்குள் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். கால் பார்க்கிறது. ஒரு பாதம் தடிமனாகவும் மற்றது மெல்லிசாகவும் இருந்தால் நாலு தெரு நடப்பதற்குள் தெரிந்துவிடும்.

இரண்டையும் சமமாக வைக்க இன்னொரு வழி இரண்டையும் சேர்த்தே பின்னுவது. நீளமான வட்ட ஊசியில் பக்கம் பக்கமாக இரண்டையும் ஏற்றி, இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று என்று ஏறுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நூல் எங்கே தீர்ந்தாலும் இரண்டிலும் ஒரே உயரத்தில் தீரும். ஆனால் அதைவிட விந்தையான ஒன்றை டால்ஸ்டாய் எழுதி வைத்திருக்கிறார். டி. எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்த 'போரும் வாழ்வும்' உங்களில் பலர் படித்திருப்பீர்கள். கதையின் முடிவுரைப் பகுதியில் அன்னா மக்காரோவ்னா என்று ஒரு தாதி வருகிறாள். போர் முனைக் காட்சிகளும் நெப்போலியனும் ஓய்ந்தபிறகு, ஒரு வீட்டில் குழந்தைகள் ஆரவாரம் செய்கிறார்கள். என்ன விசேஷம்? அந்தத் தாதி ஒரே நேரத்தில் இரண்டு காலுறை பின்னுகிறவள். முடிந்ததும் குழந்தைகளைக் கூட்டி வைத்து, ஒரு காலுறைக்குள்ளிருந்து இன்னொன்றை வெளியே இழுத்துக் காட்டுவாள்!

இது கதாசிரியரின் கற்பனையா? இல்லை, செய்ய முடியும். இரண்டு உருண்டை, ஒரே ஊசித் தொகுதி. ஒரு கண்ணி வெளிக் காலுறைக்கு, அடுத்த கண்ணி உள் காலுறைக்கு. வெளிக் கண்ணி நேர், உள் கண்ணி புறம். வெளி நூலும் உள் நூலும் ஒரு தடவைகூடக் குறுக்கே மாறக் கூடாது. ஒரே ஒரு தடவை மாறினாலும் இரண்டும் அந்த இடத்தில் கோத்துக்கொள்ளும், இழுத்தால் வராது. கடைசியில் இழுக்கும்வரை தெரியவும் தெரியாது. நூலை மிச்சப்படுத்த இந்த முறையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கவனம் பிசகினால் இழப்பு இரட்டிப்பு. ஆனால் இரண்டாவது காலுறை என்று ஒன்று இல்லாத காலுறை ஜோடி உலகத்தில் இது ஒன்றுதான். இரண்டுமே முதல்!

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசி முழத்துக்கு வருவோம்.

கண்ணிகளை அடைக்கும்போது நாலு கண்ணி பாக்கி இருக்கையில் நூல் தீர்கிறது. எல்லாருக்கும் நேர்வது. கூடையில் அதே நூலின் ஒரு சாண் துண்டு கிடக்கிறதா? இரு முனைகளையும் லேசாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் சூட்டிலும் ஈரத்திலும் இழைகள் பிணைந்து ஒரே நூலாகிவிடும். முடிச்சு வேண்டாம், வால் வேண்டாம். ஆனால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட நூலுக்கு இது பலிக்காது. சுருங்காமல் இருக்க அதைப் பதப்படுத்தியிருப்பார்கள், இழை இழையைப் பிடிக்காது. நைலான் கலந்த நூலும் சந்தேகம்தான்.

துண்டே கிடைக்கவில்லையா? அடைத்ததை அவிழ்த்து, பார்டரில் ஒரு சுற்றைப் பிரியுங்கள். ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நூல் திரும்பக் கிடைக்கும். நாலு கண்ணியை அடைக்க அது தாராளம். பிறகு ஏற்கெனவே முடித்து மடித்து வைத்த முதல் காலுறையை எடுத்து, அதிலும் ஒரு சுற்றைப் பிரித்து அடையுங்கள்.